குப்பைமேட்டுக்கும் பெயின்ட் ஆலைக்கும் நடுவே



இந்த இதழ் வாசனைச் சிறப்பிதழ். "திருவொற்றியூர்ல உக்காந்துக்கிட்டு வாசனையா?" என்று அலுவலகத்திலேயே சிரித்தார்கள். அவர்களுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

சென்ட் கலைஞர் எட்மோன் ருட்னிட்ஸ்கா பிரான்ஸின் நீஸ் நகரில் 1905இல் பிறந்தவர். வாசனைத் தொழிலுக்குப் பேர்போன கிராஸ் நகரில் 1926இல் தொழில் கற்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் நடந்த 1943இல், ஜெர்மன் படைகளின் பிடியிலிருந்த பாரிஸில் 'ஃபாம்' என்ற சென்ட்டை உருவாக்கினார். அவர் வேலை பார்த்த கட்டடத்துக்கு ஒருபுறம் குப்பைமேடு, மறுபுறம் பெயின்ட் தொழிற்சாலை. கொடுங்கையூர் குப்பைமேட்டையும் மணலி ஆலைகளையும் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அந்த நெடிகளுக்கு நடுவே பிறந்த சென்ட், கனிந்த பிளம் பழ மணத்துக்காக இன்றும் பேசப்படுகிறது.

போருக்குப் பிறகு கிராஸுக்கு அருகே காப்ரி என்ற மலைக்கிராமத்தில் குடியேறினார். மியூகே என்று ஒரு சின்ன வெள்ளைப் பூ உண்டு. மல்லிகையிலிருந்து எடுப்பதைப் போல அதிலிருந்து மணத்தைப் பிரித்தெடுக்க முடியாது. ருட்னிட்ஸ்கா அந்தச் செடியைத் தன் தோட்டத்தில் வளர்த்தார். பூக்கும்போதெல்லாம் முகர்ந்து மணத்தை மனதில் பதித்துக்கொண்டார். பிறகு வேறு பொருட்களைக் கொண்டே அந்தப் பூவை எழுப்பிக்காட்டினார். டியோர் நிறுவனம் 1956இல் வெளியிட்ட 'டியோரிஸிமோ' அதுதான். 1966இல் வந்த 'ஓ சவாஜ்'ஜில், மல்லிகை ஆராய்ச்சியில் கிடைத்த ஹெடியோன் என்ற பொருளைச் சேர்த்து ஆண்களுக்கான சென்ட்டின் போக்கையே மாற்றினார்.

அவருடைய வழி எளிமையானது, ஆனால் சுலபமானதல்ல. ஒவ்வொரு மணத்தையும் தனித்தனியாகத் தெரிந்துகொள், கலவையை முதலில் மனதுக்குள் செய்துபார், தேவையில்லாததை எடுத்துவிடு. 1996இல் இறக்கும்வரை அவர் செய்த சென்ட்கள் கொஞ்சம்தான்.

பிரித்தறியும் அந்த மூக்கு நம் பக்கத்திலும் இருக்கிறது. காசிமேட்டில் மீன் விற்கும் அக்காக்களுக்குச் செவுளைத் தூக்கி முகர்ந்தாலே அது இன்றைய மீனா, ஐஸில் கிடந்ததா என்று தெரிந்துவிடும். வெளியூர்க்காரருக்கு எண்ணூரில் எல்லாம் ஒரே நாற்றம். அங்கேயே வாழ்பவர்களுக்கு எண்ணெய் வேறு, சாம்பல் வேறு, உரம் வேறு. 2023 டிசம்பர் 26 இரவு கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்து மக்களை வீட்டைவிட்டு ஓடவைத்தது மூச்சை அடைத்த அந்த நெடிதான். அந்த மாதத் தொடக்கத்தில்தான், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரமெங்கும் படர்ந்திருந்தது.

உங்கள் தெருவின் ஏதாவது ஒரு வாசனையை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். கருவாடோ, கோயில் வாசல் கதம்பமோ, ஆலைப் புகையோ, எதுவானாலும் சரி. 'நல்ல மணம்', 'கெட்ட நாற்றம்' என்று முடித்துவிடாதீர்கள். எந்த நேரத்தில் வருகிறது, அப்போது அடிப்பது வாடைக் காற்றா கச்சான் காற்றா, தொண்டையில் நிற்கிறதா கண்ணில் எரிகிறதா என்று எழுதுங்கள். சிறந்தவை அடுத்த இதழில் வரும். இப்படி எழுதிப் பழகினால், நாளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு போடும்போதும் அது நமக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்