அரிப்பின் வேர் வரப்பில் இருக்கிறது

வங்கி வேலையில் ஓய்வு பெற்று, நிலத்தில் இறங்கிய மூன்றாம் வருஷம் அரிப்பில் மாட்டிக்கொண்டேன். கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் சிவந்து தடித்து, ராத்திரித் தூக்கம் போச்சு. “மருந்தே அடிக்காத உங்களுக்கு எப்படிங்க இது?” என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் கேட்டார். எனக்கும் அதே குழப்பம்தான்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன், எரிச்சல்தான் கூடியது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு போட்டால் நாலு நாளில் அடங்கும். விட்டால் திரும்ப வரும். அசல் அப்படியே நிற்க, வட்டி மட்டும் கட்டிய கதை.

கடைசியில் தோல் மருத்துவர் என் முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்தார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது, பார்த்தீனியச் சாறு வைத்த இடம் சிவந்திருந்தது. வரப்பிலும் ரோட்டோரத்திலும் வெள்ளைப் பூவோடு நிற்கிறதே, அந்தச் செடிதான். அதிலுள்ள பார்த்தினின் என்ற பொருள், காய்ந்த செடித் தூளோடு காற்றில் வந்து தோலில் படிகிறது. அதனால்தான் செடியே படாத இமையிலும் அரிப்பு. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் உடம்பு லேசில் மறக்காது. ஆனால் இது ஒட்டுவாரொட்டி அல்ல.

செடியிலிருந்து வந்தது எதுவும் தீங்கில்லை, இங்கிலீஷ் மருந்து எல்லாம் நஞ்சு என்ற நினைப்பு நம் ஆட்களிடம் உண்டு. எனக்கும் இருந்தது. பார்த்தீனியமும் செடிதானே! ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நாள் பூசினால் அது மருந்து. நாமாக வாங்கி மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும். இப்போது வயலுக்கு முழுக்கைச் சட்டை; வந்ததும் குளித்துத் துணி மாற்றுகிறேன். ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் தடவுகிறேன். அரிப்பு அடியோடு போகவில்லை, அடங்கியிருக்கிறது, தூங்குகிறேன்.

என் வரப்பைச் சுத்தம் செய்தாச்சு. ஆனால் காற்றுக்கு வரப்பு ஏது? புறம்போக்கிலிருந்து தூள் வந்துகொண்டேதான் இருக்கிறது. இந்தச் செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984லேயே பெங்களூருவில் விட்டார்கள். அது மட்டும் போதவில்லை. மழை பெய்த ஈரத்தில், பூக்குமுன் ஊரே சேர்ந்து வேரோடு பிடுங்கணும். அரிப்பு உள்ளவர்கள் அந்த வேலைக்கு வரவே வேண்டாம். மற்றவர்களுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்க கிராமசபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

எனக்கு ஓய்வூதியம் இருந்தது, மருத்துவரிடம் போனேன். நம் வயலில் வெறுங்கையால் களை பிடுங்கும் அம்மாக்கள் எங்கே போவார்கள்? நஞ்சில்லாத சோறு போடுகிறோம் என்று பெருமைப்படும் நாம், முதலில் அவர்கள் கையைப் பார்க்க வேண்டாமா?