தேசிக்காய் போட்டுத் தேய்த்தால் போகாது

மருதானையிலும் பஞ்சிகாவத்தையிலும் பிள்ளை வளர்க்கும் நாங்கள், பெற்றோரும் ஆசிரியருமாக, சிறுவர் உடற்பருமன் பற்றிய இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்கள் நிலைப்பாடு இதுதான்: உடற்பருமன் ஒரு நோய், பிள்ளை செய்த குற்றமல்ல. வகுப்பில் "தடியன்" என்று கூப்பிட்டும், கல்யாண வீட்டில் பிள்ளையின் தட்டைப் பார்த்துச் சிரித்தும் ஒரு கிலோ குறைந்ததில்லை. பிள்ளை ஒளித்துச் சாப்பிடப் பழகியதுதான் மிச்சம்.

பிள்ளையின் பிடரி கறுத்திருந்தால் ஊத்தையென்று தேசிக்காய் போட்டுத் தேய்க்கிறோம். அது போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததைத் தோல் காட்டும் அடையாளமாக அது இருக்கலாம். அப்படியானால் நீரிழிவு எட்டிப்பார்க்கக்கூடும். வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் உடற்திணிவுச் சுட்டி (BMI) ஒன்றாக இருந்தாலும் எங்கள் பிள்ளையிடம் கொழுப்புக் கூடுதல் என்பதைக் கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பூஜித விக்ரமசிங்கவின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே "வளர வளரச் சரியாகிவிடும்" என்ற அம்மம்மாமாரின் சமாதானத்தை, அவர்கள் மன்னிக்க வேண்டும், நாங்கள் ஏற்கவில்லை.

பட்டினி போடுவதையும் மெலிய வைக்கும் தூள்களையும் நிராகரிக்கிறோம். வளரும் பிள்ளைக்குப் பல வேளை எடை ஏறாமல் நின்றாலே போதும். அப்படி நின்றால், உயரம் கூடக்கூட உடல் சீராகும். அதற்கு முழு வீடும் மாற வேண்டும்: அப்பா சோடா குடிக்க, பிள்ளை தண்ணீர் குடிக்காது. உயரமும் கூடாமல் பருத்துக்கொண்டே போகும் பிள்ளையைத் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை பக்கத்தில், பொரளையில்தான் இருக்கிறது.

வீடு மட்டும் திருந்தினால் போதாது. காலையில் ஸ்கூல் வான், இடைவேளைக்கு ரோல்ஸ், மணியடித்தால் ரியூசன், இரவில் போன். நாளுக்கு 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் எங்கள் தொடர்மாடியில் பந்து உதைத்தால் கீழ்வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். குடிப்பதையும் பார்க்க வேண்டும்: 2016 முதல் மென்பானப் போத்தலில் நிற அடையாளம் உண்டு. சிவப்பென்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர் போத்தலில் அது பதினொரு தேக்கரண்டியைத் தாண்டும். 2017இல் வந்த சீனி வரியையோ அரசாங்கம் அடுத்த வருடமே தளர்த்தியது. அதைப் பழையபடி இறுக்கக் கோருகிறோம்.

பாடசாலைகளிடம் இரண்டு கேட்கிறோம். உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுக்காதீர்கள். கன்ரீன் ரென்டரில் குத்தகைத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அவித்த கடலையையும் வாழைப்பழத்தையும் ரோல்ஸை விட மலிவாக விற்க ஒப்புக்கொள்பவருக்கே கொடுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று இதைத்தான் கேட்கப்போகிறோம்.