சர்க்கரை உள்ளவர் இருமினால்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் காலையில் நடப்பவர்களில் நம் வியாபாரிகள் பலர் உண்டு. சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி நடக்கிறோம். (நடை முடிந்ததும் ஓட்டலில் நெய்ப்பொங்கல் சாப்பிடுவது வேறு விஷயம்.) கண், சிறுநீரகம், கால் புண் பற்றியெல்லாம் கவலைப்படுகிறோம். நுரையீரலை நினைப்பதே இல்லை.

சர்க்கரை நோயாளிக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ராயபுரம் எம். விசுவநாதன் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தார் தமிழ்நாட்டில் 827 காசநோயாளிகளைச் சோதித்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது.

காரணம் இதுதான். கிருமி மூச்சோடு உள்ளே போனதும், நுரையீரலில் காவலிருக்கும் வெள்ளணுக்கள் அதை விழுங்கி, நிணநீர்க் கணுக்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அங்கிருந்து டி-அணுக்கள் புறப்பட்டு வந்து கிருமியை வளைக்கும். சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் இந்தப் படை தாமதமாக வருகிறது என்று எலிகளிடம் செய்த சோதனைகள் காட்டின. அதற்குள் கிருமி பல மடங்கு பெருகிவிடும். சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த ஆய்வுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. கிருமி உடலில் பதுங்கியிருக்கும்போது சர்க்கரை நோயாளியின் டி-அணுக்கள் மந்தமாக இருக்கின்றன. நோய் முற்றிய பிறகோ அளவுக்கு மீறிக் கொதிக்கின்றன. திருடன் புகும்போது தூங்கிவிட்டு, பிறகு எழுந்து நம் சரக்கையே அடித்து நொறுக்கும் காவல்காரன் கதைதான்.

நம் கடைகளில் நடப்பது என்ன? இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலும் "மிளகாய் நெடி, குடோன் தூசி" என்று சொல்லிச் சமாளிக்கிறோம். விஷயம் வெளியே தெரிந்தால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று முதலாளிக்குப் பயம். வேலை போய்விடும் என்று சுமை தூக்குபவருக்குப் பயம். காற்றோட்டமில்லாத குடோனில் இருவரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்தில் குணமாகும். ஆனால் ரிஃபாம்பிசின் என்னும் காசநோய் மருந்து, சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் குறைக்கும். ஆகவே இரண்டு டாக்டர்களிடமும் இரண்டு நோயையும் சொல்லியாக வேண்டும்.

சங்கங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு மார்பு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். முகாமை ஞாயிற்றுக்கிழமை வைத்தால்தான் சுமை தூக்குவோரும் வர முடியும். நோய் கண்ட தொழிலாளிக்கு அரசு சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் தருகிறது. அவர் திரும்பி வரும்வரை பாதிக் கூலியைக் கடை கொடுத்து, வேலையையும் காத்து வைக்க வேண்டும் என்பது நம் கருத்து.