சோதனைக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று

1991-இல் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளம் இன்று பல கிளைகளாய்ப் படர்ந்து நிற்கையில், அவற்றுள் எதை வரிப்பது என்பதற்கு ருசியைக் காட்டிலும் பிரயோஜனத்தையே பிரமாணமாகக் கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம். வட்டைப் பிரிப்பது முதல் கணினியைத் துவக்கிவைக்கும் பூட்லோடரை நிறுவுவது வரை சகலத்தையும் கறுப்புத் திரையில் நம் கையாலேயே கட்டளையிட்டுச் செய்ய இடந்தரும் ஆர்ச் லினக்ஸ், கணினியின் அந்தரங்கத்தை அறிய விரும்புவோருக்கு உத்தமமான ஆசான். ஆனால், புதுப்பதிப்புகள் ஓயாமல் வந்திறங்கும் அதிலே, காலையில் யாவற்றையும் புதுப்பித்துவிட்டு மாலையில் கணக்கை அச்சிட முனைபவர், அச்சுப்பொறி மௌனம் சாதிப்பதைக் காணவும் நேரிடலாம். (அது குற்றமன்று, சுபாவம்.) மற்றொரு கிளையான டெபியனின் நிலைப்பதிப்போ சுமார் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வெளிவந்து, இடையில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களையே ஏற்பதால், சுவாரஸ்யமற்றதுதான்; ஆயினும் சம்பளப் பட்டியல் தயாரிப்பவருக்கு அதுவே பாக்கியம். பரீட்சிக்கும் ஆசை விடாதவர்கள், பழைய மடிக்கணினி ஒன்றை அதற்கென ஒதுக்கி, மனங்கொண்ட மட்டும் உடைத்துப் பார்க்கட்டும்.