பூட்டும் காப்புரிமையும்

மறைச்செய்தி விடுப்போர்க்குப் பண்டுதொட்டே ஓர் இடர் உண்டு. செய்தியைப் பூட்டிய திறவுகோலை மற்றவர்க்கு மறைவாக முன்னரே சேர்ப்பித்தல் வேண்டும். அது வழியிற் பிறர் கைப்படின் யாவும் வெளிப்படும். இவ்விடரை நீக்கும் நெறியினை 1976ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களாகிய டிஃபியும் ஹெல்மனும் உலகிற்கு உணர்த்தினர். பூட்டுதற்கு ஒரு கோல். திறத்தற்கு மற்றொரு கோல். முன்னதை ஊரறியக் கொடுக்கலாம். பின்னதை உரியவர் தம்மிடமே காப்பர்.

மறுவாண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த ரிவெஸ்ட், ஷாமிர், ஏடில்மன் என்னும் மூவர் இதனைச் செயற்படுத்தும் முறையொன்றைக் கண்டனர். இரண்டு பெரும் பகா எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கி வந்த எண்ணினின்று அவ்விரண்டையும் பிரித்தறிதல் மிக அரிது. இவ்வுண்மையே ஆர்.எஸ்.ஏ. எனப்படும் அம்முறைக்கு அடிப்படையாகும்.

1983இல் இம்முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. உரிமையாளர் இசைவின்றி அந்நாட்டில் எவரும் அதனை மென்பொருளிற் கையாளுதல் கூடாதாயிற்று. விண்ணப்பிக்கு முன்னரே முறை வெளியிடப்பட்டமையால், பிற நாடுகள் பலவற்றில் காப்புரிமை பெற இயலவில்லை. ஆகவே, ஒரே கணக்கு அமெரிக்காவில் தனியுடைமையாகவும், கடலுக்கு அப்பால் பொதுவுடைமையாகவும் விளங்கிற்று!

இதனால் நலிந்தோர் மென்பொருள் இயற்றுவோரே. 1991இல் சிம்மர்மன் என்பார், எளிய மக்களும் தம் மடல்களைக் காத்துக்கொள்ளுமாறு பி.ஜி.பி. என்னும் மென்பொருளை விலையின்றி வழங்கினார். உடனே காப்புரிமைப் பூசல் எழுந்தது. 1999இல் குனூ பிரைவசி கார்டு என்னும் கட்டற்ற மென்பொருளை வெளியிட்டோர், ஆர்.எஸ்.ஏ. முறையை விலக்கி, எல்கமால் முறையை மேற்கொண்டனர். பெருநிறுவனம் உரிமத்தொகை செலுத்தும். ஊதியம் கருதாது உழைக்கும் தனியாளர் என் செய்வர்?

அரியதைக் கண்டார்க்குப் பயன் வேண்டாவோ எனின், வேண்டும். ஆயினும், அவ்வாராய்ச்சிக்கு அமெரிக்க அரசின் பொருளுதவியும் இருந்தது. அன்றியும், ஆங்கில நாட்டுக் காக்ஸ் என்பார் 1973இலேயே இதனையொத்த முறையைக் கண்டிருந்தார். அரசு மறைத்து வைத்தமையால் அது 1997வரை வெளிப்படவில்லை. பலர் தனித்தனியே கண்டடையக்கூடிய ஓர் எண்ணுண்மையைப் பதினேழாண்டு ஒருவர்க்கே உரியதாக்குதல் முறையாகுமோ? நிலத்தை ஒருவர் உழுதால் மற்றவர்க்கு இடமில்லை. கணக்கையோ எத்துணைப் பேர் கையாண்டாலும் அது குறைவதில்லை.

2000ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், காப்புரிமை முடிவதற்கு இரு வாரம் இருக்கையில், உரிய நிறுவனமே அம்முறையைப் பொதுவாக்கியது. இன்று அதனை எவரும் தடையின்றிக் கையாளலாம். கண்டவரைப் பரிசாலும் புகழாலும் போற்றுக. கண்ட கணக்கை உலகிற்குப் பொதுவாக்குக. மக்களைக் காக்க வந்த பூட்டு, அதனைச் செய்வோர் கைகளைப் பிணித்தல் ஆகாது.