எவன் சட்டியில் என்ன கறி?

2018 நவம்பர் 17. ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் 2,000 கிலோவுக்கு மேல் இறைச்சியை எழும்பூரில் பிடித்தார்கள். வால் நீளமாம், அதனால் நாய்க்கறியாம்! அவ்வளவுதான், பிரியாணி விற்கிற அத்தனை பேரும் குற்றவாளி. சில நாளில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்துச் சொன்னது: ஆட்டுக்கறி.

சோதனையை நான் குறை சொல்ல வரல. வெந்தாலும், அரைத்தாலும், மசாலாவில் ஊறினாலும் கறியில் டிஎன்ஏவின் சின்னச் சின்னத் துண்டுகள் மிஞ்சி நிற்கும். பிசிஆர் முறையில் அதைக் கோடிக்கணக்கில் பெருக்கி, ஆடா மாடா எருமையா நாயா என்று பிரித்துவிடலாம். நல்ல கருவிதான். அதை எவன் கையிலெடுத்து எவனைக் கேள்வி கேட்கிறான் என்பதுதான் விவகாரம்.

2013இல் அயர்லாந்தில், மாட்டுக்கறி என்று விற்ற பர்கரில் குதிரையின் டிஎன்ஏ இருந்தது. அங்கே கேள்வி கம்பெனியைப் பார்த்து: ஏன் பொய் லேபிள் ஒட்டினாய்? இங்கே? 2015 செப்டம்பர் 28, தாத்ரி. மாட்டுக்கறி வைத்திருக்கிறான் என்று முகமது அக்லாக்கை அடித்தே கொன்றார்கள். அப்புறம்தான் கறி லேபுக்குப் போனது. கால்நடைத் துறையின் முதல் அறிக்கை ஆடு என்றது. 2016இல் வெளிவந்த மதுரா லேப் அறிக்கை பசு அல்லது அதன் இனம் என்றது. உடனே நாடே ஆடா பசுவா என்று பட்டிமன்றம் போட்டது. ஏங்க, பசுன்னா கொலை கொலையில்லையா?

இங்கே பழவேற்காட்டில், ஏரியில் எவன் எங்கே வலை போடலாம் என்பதற்கே சாதி பார்த்துப் பாடு வைத்திருக்கிறார்கள். இருளரும் சேரி ஜனமும் சேற்றில் கையால் தடவிப் பிடிக்கிற இறாலுக்கு மட்டும், விலைக்குப் போகும்போது சாதி கிடையாது. அதே வீட்டுச் சட்டியில் மாட்டுக்கறி கொதித்தால் மூக்கு விடைக்குது!

கள்ள நோட்டைக் கொண்டு வருகிறவருக்கே பேங்க் கவுண்டரில் ரசீது எழுதிக் கொடுத்துத்தான் நோட்டைப் பிடித்து வைக்கிறோம். 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டமும் வியாபாரிக்கு மரியாதை கொடுக்கிறது. எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கணும், சாம்பிளை நாலு பங்காப் பிரித்து சீல் வைக்கணும், வியாபாரி கேட்டால் ஒரு பங்கு வேறு லேபுக்குப் போகணும், முடிவு பிடிக்கலேன்னா மேல்முறையீடு. கலப்படம் செய்த முதலாளிக்கும் இத்தனையும் உண்டு. அக்லாக்குக்கு இதில் எது கிடைத்தது?