மீனை அளக்கும் கண்

"மயிலிட்டிக் கரை 1990இல் மூடுண்டு 2017இலேதான் மீண்டது, அம்மக்களுக்குக் கணினிக் கண் எதற்கு?" என வினவுவோர் தெல்லிப்பழையிலும் உளர், பல்கலைக்கழகத்திலும் உளர். வறியவனுக்குத் துல்லியம் வேண்டியதில்லை என்பதே இவ்வினாவின் உட்பொருள். இதனை மறுத்தே ஆகவேண்டும்.

கூட்டில் மீன் வளர்ப்போரின் செலவிற் பெரும்பங்கு தீனுக்கே போகிறது. தீனின் அளவைக் கணிக்க மீனின் நிறை தெரியவேண்டும். அதற்காக அத்தாங்கில் அள்ளித் தராசிலிடுகையில் செதில் உதிர்கிறது. மேனியின் வழுவழுப்புக் கழிகிறது. நோய் அவ்வழியே புகுகிறது. அஞ்சிய மீன் இரையும் கொள்ளாது. நோர்வேயின் சல்மன் பண்ணைகளிலோ இரட்டைக் கமரா நீரினுள் நின்று, இரு படங்களின் வேறுபாட்டால் தூரத்தையும் நீளத்தையும் கணித்து, நிறையை உய்த்துணர்கிறது. கையே படுவதில்லை.

ஆயின், அக்கருவியை அப்படியே வாங்கிவிடலாம் என்னும் வணிகர் கூற்றும் ஏற்புடையதன்று. நிறை ஏறத்தாழ நீளத்தின் மும்மடிக்கேற்ப வளர்வது. நீளத்தில் நூற்றுக்கு 5 மிகுத்துக் கணித்தால் நிறையில் 15க்கு மேல் மிகும். சல்மனின் உடல்வாகு வேறு. திருகோணமலைக் கூடுகளில் வளரும் கொடுவாவின் உடல்வாகு வேறு. எமது கடல்நீரேரியின் கலங்கலையும் அக்கருவி அறியாது. கொடுவாவை ஒருமுறை கையால் அளந்து, படங்களைத் திரட்டிக் கணினிக்குக் கற்பிப்போர் யார்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடியியலும் உண்டு, கணினி விஞ்ஞானமும் உண்டு. இரு துறையினரும் ஒரு கூட்டருகே சேர்ந்து நின்று செய்யவேண்டிய வேலை இது. தொடங்குவதற்கு ஓர் அளவுகோலும் தராசும் இரண்டு மலிவான கமராக்களும் போதும். மயிலிட்டியோ தெல்லிப்பழையிலிருந்து சைக்கிளில் எட்டும் தூரமே.